எல்லாப் பிள்ளைகளுக்குமாக ஒரு மனு

பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை விட்டதும் நம் ஊர் விளையாட்டரங்குகளுக்கு உயிர் வந்துவிடுகிறது. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கம், மதுரை எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம், சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகம் என எங்கே போனாலும் விடிந்தும் விடியாத நேரத்திலேயே பிள்ளைகள் கூட்டம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைகாலப் பயிற்சி முகாம்கள், மாநகராட்சி நீச்சல் குளங்கள், தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் தனியார் அகாடமிகள். பதக்கக் கனவோடு வருகிறவர்கள் இதில் கொஞ்சம்தான். ஓடியாடவும், நீந்தக் கற்றுக்கொள்ளவும், ஒரு மணி நேரமாவது செல்போனை மறந்திருக்கவும் வருகிறவர்களே அதிகம்.

பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுக் கேலரிப் படிகளில் காத்திருக்கும் பெற்றோர் பேசிக்கொள்வதைக் கேட்டுப் பாருங்கள். "இத்தனை பிள்ளைங்களுக்கு ஒரே கோச்தான்." "நல்லா ஆடுற நாலு பேரைத்தான் ஆட விடுறாங்க, மத்ததெல்லாம் பந்து பொறுக்கத்தான்." "பொம்பளைப் பிள்ளைங்க துணி மாத்துற ரூமுக்குத் தாழ்ப்பாள் கெடையாது." "பணம் வாங்கினாங்க, ரசீது தரல." ஒவ்வொன்றும் உண்மையான குறை. ஒவ்வொன்றும் தீர்க்கக்கூடிய குறை. ஆனால் எட்டு மணிக்கு விசில் ஊதியதும் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு எல்லோரும் வண்டியைக் கிளப்புகிறார்கள். மறுநாள் அதே படி, அதே பேச்சு.

ஏன் யாரும் எழுதுவதில்லை? காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான். கோச் மனதில் வைத்துக்கொண்டு பிள்ளையை ஒதுக்கிவிடுவாரோ என்ற பயம் முதலாவது. குறைந்த கட்டணத்தில் சொல்லித் தருகிற இடத்தில் குறை சொல்லலாமா என்ற கூச்சம் அடுத்தது. எழுதி என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு எல்லாவற்றுக்கும் மேல். இவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது: விளையாட்டுதானே என்ற எண்ணம். ரேஷன் அரிசியில் கல் இருந்தால் கேட்கிற நாம், விளையாட்டு மைதானத்தில் ஒரு பிள்ளை ஒரு மாதம் முழுக்கப் பந்தைத் தொடாமல் திரும்பினால் கேட்பதில்லை. படிப்புக்கு ஆபத்தில்லாத எதுவும் நமக்கு அவசரமாகத் தெரிவதில்லை.

இந்த எண்ணம் தவறு. பத்து வயதில் "உனக்கு இது வராது" என்று ஓரமாக நிறுத்தப்பட்ட பிள்ளைகளில் பலர் பிறகு மைதானத்துப் பக்கமே போவதில்லை. தாழ்ப்பாள் இல்லாத அறையில் கூசிக் குறுகிய பெண், பூப்பெய்தியதும் வீட்டார் சொல்வதற்கு முன் தானே விலகிவிடுகிறாள். நீச்சலோ உயிரோடு சம்பந்தப்பட்டது. ஆறும் குளமும் கிணறும் கடலும் உள்ள நாட்டில் நீந்தத் தெரியாத தலைமுறை வளர்வது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை ஒவ்வொரு கோடையிலும் செய்தித்தாள்கள் சொல்கின்றன. பொழுதுபோக்குக்காக வரும் பிள்ளைக்குப் பின்னால் கட்சியும் இல்லை, சங்கமும் இல்லை. அவனுக்காகப் பேச வேண்டியது நாம்தான்.

பேசுவது எப்படி என்பதில்தான் சிக்கல். பொறுத்துப் பொறுத்து ஒருநாள் பொங்கினால் வெளிப்படுவது கோபம். கோபம் இல்லாமல் யாரும் பேனாவை எடுப்பதில்லை. ஆனால் கோபமே பேனாவைப் பிடித்தால் எழுத்து கெட்டுவிடுகிறது. எங்கள் ஊர் நீச்சல் குளத்தில் ஒரு தாய் எழுதிய மனுவை முதலிலிருந்து பார்த்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன். இரவு எழுதிக் கொண்டுவந்த முதல் தாளில் "கேவலமான நிர்வாகம்", "பொறுப்பற்ற ஊழியர்கள்", "பிள்ளைகளின் உயிரோடு விளையாடுகிறார்கள்" என்று இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. அதேசமயம் ஓர் அதிகாரி எழுந்து போய்ச் சரிபார்க்கக்கூடிய விஷயமும் ஒன்றுகூட இல்லை. அந்தத் தாயே அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டார். மறுநாள் கோடு போட்ட தாளில் அரைப் பக்கம் எழுதிவந்தார். அதன் சாரம் இது:

"என் மகள் காலை 7 மணிப் பிரிவில் நீச்சல் பழகுகிறாள். மே 6, 8, 9 ஆகிய நாள்களில் ஆழமான பகுதியில் குளத்தின் தரை கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த நாள்களில் காலை 7 முதல் 8 மணி வரை கரையில் உயிர்காப்பாளர் இல்லை. பயிற்சியாளர் ஒருவரே நீரில் இறங்கிக் கற்றுக்கொடுத்தார். அவர் நன்றாகச் சொல்லித் தருகிறார். 9-ஆம் தேதி எடுத்த படத்தை இணைத்துள்ளேன். தரை தெரியாத நாளில் குளத்தைத் திறக்க வேண்டாம் என்றும், எல்லாப் பிரிவுகளின் நேரத்திலும் கரையில் ஒருவர் நிற்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்."

இதில் ஒரு வசைச்சொல் இல்லை. ஆனால் படிக்கிறவர் தப்பிக்க இடமும் இல்லை. ஆழப் பகுதியில் தரையும் அடியிலுள்ள வடிகால் மூடியும் தெரியவில்லை என்றால் குளத்தை மூட வேண்டும் என்பது நீச்சல் குளப் பராமரிப்பில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பாதுகாப்பு விதி. மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சுக்குத் திணறும்போது குரல் எழாது. கலங்கிய நீருக்கு அடியில் ஒரு பிள்ளை கிடந்தால் கரையில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. கரையில் ஆளே இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். அந்தத் தாய் இந்த விளக்கம் எதையும் எழுதவில்லை. கண்ணால் கண்டதைத் தேதியோடும் நேரத்தோடும் வைத்தார். மீதியை அந்த உண்மைகளே பேசின.

கண்டதை எழுதுவதும், கண்டதற்குக் காரணம் இன்னதென்று தீர்ப்பு எழுதுவதும் வேறு வேறு. நீச்சல் குளத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. பிள்ளைக்குக் கண் சிவந்து, குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் "குளோரினை அள்ளிக் கொட்டுகிறார்கள்" என்றுதான் எல்லோரும் புகார் சொல்கிறோம். உண்மை பெரும்பாலும் நேர் எதிரானது. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமின் என்ற பொருளாக மாறும்போதுதான் அந்த நெடி வருகிறது, கண் எரிகிறது. கிருமியைக் கொல்வதற்கான குளோரின் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். "குளோரினைக் குறைக்க வேண்டும்" என்று நாம் எழுதி, அதிகாரியும் அப்படியே செய்துவிட்டால் நீர் இன்னும் மோசமாகும். "இந்தத் தேதியில் நெடி இருந்தது; குளித்த பிள்ளைகளுக்குக் கண் சிவந்தது; குளோரின் அளவும் பி.எச். அளவும் தினமும் சோதித்து எழுதும் பதிவேட்டைப் பார்க்க விரும்புகிறோம்" என்று எழுதினால் தவறுக்கு இடமில்லை. பி.எச். 7.2-லிருந்து 7.8-க்குள் இருக்க வேண்டும் என்பதைப் பராமரிப்பவர் அறிவார். பதிவேட்டைக் கேட்கும் கேள்வியிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

நமக்கு இது புதிய பாடமில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் பாண்டியன் அவையில் நின்ற கண்ணகியை நாம் கோபத்தின் வடிவமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அவள் வழக்கை வைத்த விதத்தைக் கவனிப்பதில்லை. தன் ஊரைச் சொல்கிறாள், கணவன் யார் என்று சொல்கிறாள், தன் பெயரைச் சொல்கிறாள், அவனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறாள். கள்வனைக் கொல்வது அரச நீதி என்று மன்னன் சொன்னபோது, தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கப் பரல் என்கிறாள். தங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்று மன்னனே ஒப்புக்கொள்கிறான். சிலம்பு உடைகிறது, வழக்கு முடிகிறது. அவையில் வென்றது அவள் கண்ணீர் அல்ல, எவரும் அந்த இடத்திலேயே உடைத்துப் பார்த்துவிடக்கூடிய ஓர் உண்மை. மதுரை எரிந்தது அதற்குப் பிறகுதான். நெருப்பைப் பாடித் தீராத நாம், அந்தப் பரலை மறந்துவிட்டோம்.

உடைத்துப் பார்க்கக்கூடிய உண்மை ஒன்று கையில் இருந்தால், அடுத்தது அதை எங்கே கொண்டுபோவது என்பது. முதலில் பயிற்சியாளரிடமும் முகாம் பொறுப்பாளரிடமும் நேரில் சொல்ல வேண்டும். பாதிக் குறைகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராதபோது எழுத்து. அரசு முகாம் என்றால் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர். மாநகராட்சிக் குளம் என்றால் ஆணையர். மனுவைக் கொடுத்தால் நகலில் தேதியும் கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் திரும்பக் கூடாது. பதில் வராவிட்டால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. 1100 என்ற எண்ணில் முதல்வரின் உதவி மையம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில், முகாமுக்கு எத்தனை பயிற்சியாளர் பணியிடங்கள், அவற்றில் எத்தனை காலி, நீர்ப் பரிசோதனைப் பதிவேட்டின் நகல் எங்கே என்று கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு சொன்னதைச் செய்யாத தனியார் அகாடமி என்றால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். 1915 என்ற உதவி எண்ணில் தொடங்கலாம். குறை ஏற்பட்டு 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை. அதற்காகத்தான் ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது.

பயம் இருப்பவர்கள் மொட்டைக் கடிதம் போடுகிறார்கள். பெயரில்லாத கடிதத்துக்குப் பதில் எழுத முகவரி இல்லை, விசாரிக்க ஆள் இல்லை. அதனால் அது பெரும்பாலும் கோப்புக்குள் போவதில்லை, குப்பைக்குப் போகிறது. பயத்துக்கு மருந்து பெயரை மறைப்பதல்ல, பெயர்களைச் சேர்ப்பது. படியில் உட்கார்ந்து பேசிய பத்துப் பேரும் ஒரே தாளில் கையெழுத்திட்டால் யாருடைய பிள்ளையை ஒதுக்குவது?

அந்தத் தாய் மனுவைக் கொடுக்கப் போனபோது நானும் உடன் இருந்தேன். குளத்துப் பொறுப்பாளர் வாங்கிப் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா எழுத்துல எல்லாம்? வாயால சொன்னா செய்ய மாட்டோமா?" என்றார். "செய்வீங்க சார். எழுத்துல இருந்தா உங்களுக்கும் மேல கேக்க வசதியா இருக்கும்" என்றார் அவர். பொறுப்பாளர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வடிகட்டி மோட்டார் ரிப்பேருன்னு நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லி நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த வாரமே குளத்தை மூடி மோட்டாரைச் சரிசெய்தார்கள். திறந்தபோது கரையில் விசிலோடு ஒருவர் நின்றார்.

"உங்களுக்கும் மேலே கேட்க வசதியாக இருக்கும்." எத்தனையோ மனுக்கள் தோற்றுப்போவதற்கான காரணம் இந்த ஒரு புரிதல் இல்லாமைதான். மைதானத்தில் நம் எதிரே நிற்கிற பயிற்சியாளர் பல இடங்களில் தற்காலிகப் பணியாளர். பந்து போதவில்லை, வலை கிழிந்திருக்கிறது, ஆள் வேண்டும் என்று அவரும் மேலே கேட்டுக் கேட்டு அலுத்திருப்பார். அவர் வாய்மொழியாகக் கேட்டதற்குக் கோப்பு இல்லை; பொதுமக்கள் எழுத்தில் கேட்டால் கோப்பு உருவாகிவிடுகிறது. அவரை எதிரியாக்கி எழுதினால் தற்காப்புக்கு எல்லோரும் ஒன்று சேர்ந்துகொள்வார்கள். குறையை மட்டும் குறிவைத்து எழுதினால், உள்ளே இருந்துகொண்டு நல்லது செய்ய நினைப்பவருக்கு அது பலமாகிவிடும். எந்த அலுவலகத்திலும் அப்படி ஒருவராவது இருப்பார். நாம் எழுதுவது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

இந்த நிதானம் பொருந்தாத இடம் ஒன்று உண்டு. பிள்ளையின் உடல்மேல் யாராவது தவறான நோக்கத்தோடு கை வைத்தார்கள் என்று தெரிந்தால், முகாம் பொறுப்பாளரிடம் மனுக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறையிடம் தெரிவிப்பது, தெரிந்த எவருக்கும் கடமை. தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. "வெளியே தெரிந்தால் முகாமுக்குக் கெட்ட பெயர்" என்று யார் சொன்னாலும் அதைக் கேட்க வேண்டியதில்லை. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸில் மருத்துவராக இருந்த லாரி நாசரைப் பற்றி 1990-களிலேயே தாங்கள் பெரியவர்களிடம் சொன்னதாகப் பெண்கள் பின்னாளில் சாட்சி சொன்னார்கள். சொன்னது நிறுவனத்தின் சுவர்களுக்குள்ளேயே அடங்கிப்போனது. 2016-இல் ரேச்சல் டென்ஹோலண்டர் என்ற பெண் ஒரு நாளிதழுக்கு எழுதினார், காவல்துறையிடமும் போனார். பதினைந்து வயதில் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல, மருத்துவப் பதிவுகள், நாட்குறிப்பு எல்லாவற்றையும் கோப்பாக எடுத்துச் சென்றார். 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து பேசினார்கள். நாசருக்கு 40 முதல் 175 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அங்கேயும் கதவைத் திறந்தது, ஒருவர் தன் பெயரோடும் ஆதாரத்தோடும் முன்வந்து நின்றதுதான்.

அன்றாடக் குறைகளுக்குத் திரும்புவோம். தேதி, நேரம், படம், முகவரி, ஒப்புகை எல்லாம் சரியாக இருந்தும் ஒரு மனு வீணாகிப்போக முடியும். அதற்குக் காரணம் அதன் கடைசி வரி. நாம் என்ன கேட்கிறோம் என்பது அந்த வரியில்தான் இருக்கிறது. "என் மகனை முதல் அணியில் சேர்க்க வேண்டும்" என்று கேட்டால், சேர்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவது அலுவலகத்துக்கு மிக எளிது. நம் வாயும் அடைபட்டுவிடும். பந்து பொறுக்குகிற வேலை வேறொரு பிள்ளைக்குப் போகும். அவன் அப்பா சுமை தூக்குகிறவராக இருக்கலாம்; அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். அவன் தனியாக டவுன் பஸ் பிடித்து வருகிறவன். படியில் உட்கார்ந்து கவனிக்க அவனுக்கு ஆள் இல்லை, மனு எழுத ஆள் இல்லை. நாம் பெற்ற சலுகைக்கு விலை கொடுத்தவன் அவன்தான்.

"பதிவு செய்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு நாளும் ஆடுவதற்கு நேரம் ஒதுக்க வேண்டும்; அந்த அட்டவணையை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள். அதைத் தந்தால் எல்லோருக்கும் தர வேண்டும். அடுத்த கோடையில் வரப்போகிற, நாம் முகம் பார்த்திராத பிள்ளைக்கும் சேர்த்துத் தர வேண்டும். சலுகை கேட்கிற மனு நம் பிள்ளையோடு முடிந்துவிடுகிறது. முறை கேட்கிற மனு நாம் போன பிறகும் அந்த மைதானத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஆகவே புகார் என்பது சண்டை அல்ல. அந்த இடம் நமக்கு வேண்டும் என்று நினைக்கிறவர்தான் எழுதுகிறார்; வேண்டாம் என்று நினைக்கிறவர் பிள்ளையை வேறு அகாடமிக்கு மாற்றிவிட்டுப் போய்விடுகிறார். வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராகப் பேசாமல் விலகிப் போனதால்தான் எத்தனையோ அரசுப் பள்ளிகளும் பொது மைதானங்களும் கேட்பாரற்றுப் போயின. பொது இடம் ஒன்று கெடுவதற்கு அதை நடத்துகிறவர்களின் அலட்சியம் மட்டும் போதாது, பயன்படுத்துகிறவர்களின் மௌனமும் வேண்டும். குறையை எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாளும் அதே மைதானத்துக்குப் பிள்ளையை அனுப்புகிறவர், இது எங்கள் இடம், இது நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்கிறார். பொதுச் சொத்தின்மேல் ஒரு குடிமகன் காட்டக்கூடிய அன்பு இதைவிடப் பெரிதாக வேறு இல்லை.

இந்தக் கோடையில் உங்கள் ஊர் முகாமில் ஒரு குறை கண்ணில் பட்டால் படியில் உட்கார்ந்து பேசுவதோடு விட்டுவிடாதீர்கள். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். பெயரைப் போடுங்கள், பக்கத்தில் இருப்பவரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். நீங்கள் கேட்டிருப்பது, கேட்க ஆளில்லாத பிள்ளைக்கும் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காது என்றால் திருத்தி எழுதுங்கள். கிடைக்கும் என்றால் தயங்காமல் கொடுங்கள்.